டார்ச்சும் விசிலும் இருக்கட்டும், தடி வேண்டாம்

ஒரு தெருவில் ஒரு வீட்டுப் பூட்டு உடைகிறது. பீரோவில் இருந்த நாலு சவரன் போய்விடுகிறது. மறுநாள் ராத்திரியே அந்தத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் கூடிவிடுகிறார்கள். கையில் டார்ச் லைட். கழுத்தில் விசில். நாலு பேர் கையில் தடி. யாரோ ஒரு வீட்டுக்கார அம்மா டீ போட்டுக் கொடுக்கிறார். "இனிமே எவன் வர்றான்னு பார்த்துடலாம்" என்று ரோந்து ஆரம்பமாகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழிலால் பிழைக்கிற ஊர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. திருட்டு நடந்தால் ரோந்து. பதினைந்து நாளில் தூக்கம் ஜெயிக்கும். ரோந்து நிற்கும். மறுபடி ஒரு பூட்டு உடையும். மறுபடி விசில்.

இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. தன் தெருவைத் தானே காக்க நினைப்பது நல்ல குணம். காலையில் ஷூ கம்பெனிக்குப் போக வேண்டியவன் ராத்திரி இரண்டு மணி வரை கண் விழிப்பது சாதாரண விஷயம் இல்லை. திருடனுக்குப் பிடிக்காதவை இரண்டு: ஒன்று வெளிச்சம், இன்னொன்று விழித்திருக்கும் ஆள். இருட்டுச் சந்தில் நாலு பேர் பேசிக்கொண்டு நடந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் அந்த நாலு தடி எதற்கு? கேள்வி அங்கேதான் வருகிறது.

பீதி ஒரு பக்கம், திருட்டு ஒரு பக்கம்

திருட்டு நடந்தது ஒரு வீட்டில். டீக்கடைக்கு வரும்போது அது மூன்று வீடாகிவிடும். மளிகைக் கடைக்குப் போகும்போது, "கத்தி வெச்சிருந்தானாம்" என்று சேரும். காட்பாடி ரயிலில் ஏறுவதற்குள் அது ஒரு கும்பலாகி, கும்பலுக்கு ஒரு மாநிலமும் முடிவாகிவிடும். "எல்லாம் வடக்க இருந்து வந்தவனுங்க சார்." பார்த்தது யார்? யாரும் இல்லை.

பழைய காலத்தில் வதந்தி நடந்து போயிற்று. இப்போது செல்போனில் பறக்கிறது. எந்த ஊரில் எப்போது எடுத்தது என்று தெரியாத ஒரு படம், அதன் மேலே ஒரு குரல்: "உஷாரா இருங்க, நம்ம ஏரியாதான்." அனுப்பியவருக்கு அந்த ஏரியா எது என்றுகூடத் தெரியாது.

அதனால் நேர்ந்தது என்ன? 2018-ஆம் வருஷத்து ஏப்ரல், மே மாதங்களை வட மாவட்டத்து மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க முடியாது.

பிள்ளை பிடிக்கும் கும்பல் வடநாட்டில் இருந்து இறங்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. ஊர் ஊராக வாலிபர்கள் கம்போடு ராக்காவல் காத்தார்கள். அந்தச் சமயத்தில் இந்தியா முழுக்கச் சுற்றிய படம் ஒன்று. மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தவர் வயிறு கலங்கும். அது உண்மையில் பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். வெட்டியவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் வெட்டியதற்குப் பலியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இந்தி பேசிய ஓர் ஆளை ஊர் கூடி அடித்தது. அவர் இறந்துபோனார். மே 9-ம் தேதி போளூர் அருகே அத்திமூரில் அதைவிடக் கொடுமை. சென்னையில் இருந்து குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம் வழி தெரியாமல் நிறுத்தி விசாரித்தது. அந்தக் குடும்பத்து 65 வயது மூதாட்டி அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான். செய்தி பறந்தது, கூட்டம் கூடியது, காரை மறித்தார்கள். மூதாட்டி செத்தார். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே வாரம் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

செத்தவர்களில் ஒருவர்கூடப் பிள்ளை பிடிக்க வந்தவர் இல்லை.

அத்திமூர் ஒன்றும் தூர தேசம் அல்ல. வேலூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கையை ஓங்கியவர்கள் பரம்பரை ரவுடிகளும் அல்ல. தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று நம்பியவர்கள். பிற்பாடு பல குடும்பத்து ஆண்கள் போலீசுக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடினார்கள். கைதானவர்கள் பலர். காவல் காக்கப் போனவன் கொலைக் கேசில் நின்றான்.

"தர்ம அடி"

இதில் மாலைப் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

திருடன் பிடிபட்டான் என்றால், "பொதுமக்கள் தர்ம அடி கொடுத்தனர்" என்று அச்சுக் கோர்த்துக் கோர்த்தே கை பழகிவிட்டது. "நையப்புடைத்தனர்" என்று இன்னொன்று. படிக்கிறவருக்கும் ஒரு திருப்தி. அடியோடு தர்மத்தைச் சேர்த்துவிட்டால், அடித்தவன் கையில் பாவம் ஒட்டாது அல்லவா? மின்கம்பத்தில் கட்டிவைத்த ஆள் உண்மையில் திருடனா, அல்லது கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவனா என்பதை இரண்டாம் நாள் பத்திரிகை சொல்வது அபூர்வம்.

சட்டம் என்ன சொல்கிறது? கண்ணெதிரே ஒருவன் ஜாமீனில் விட முடியாத பெருங்குற்றம் செய்தால், சாதாரண ஆளும் அவனைப் பிடிக்கலாம். இது வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே உள்ள உரிமை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 40-வது பிரிவாக இருக்கிறது. ஆனால் பிடித்தவனைத் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். "கண்ணெதிரே" என்பதை நூறு தடவை சொல்லலாம். சந்தேகத்துக்கு ஆளைப் பிடிக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை. "முழிக்கிறான்", "தமிழ் வரலை", "பையில என்னமோ இருக்கு" என்பதெல்லாம் குற்றம் ஆகாது.

பிடித்தவனை அடிக்கவும் எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரை அவர் சாதி, இனம், பிறந்த ஊர், பேசும் மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவுப்படி தூக்கு அல்லது ஆயுள் தண்டனை. கும்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது உண்டு. "நான் ஒரே ஒரு அடிதான் அடிச்சேன் சார்" என்பது கோர்ட்டில் செல்லாது.

2018 ஜூலை 17-ல் சுப்ரீம் கோர்ட்டும் கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு போலீஸ் அதிகாரியை, சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாதவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தன் மாவட்டத்தில் அந்த அதிகாரி யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பகலில் "ஆயியே", ராத்திரியில் "யார்ரா நீ"

வேலூரில் ஒரு வேடிக்கை நடக்கிறது.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்தில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. இன்று அந்த நோயாளிகளை நம்பித்தான் சுற்றுவட்டாரத்து லாட்ஜு, மெஸ், மருந்துக் கடை, ஆட்டோ எல்லாம் ஓடுகிறது. காந்தி ரோட்டில் காய்கறி விற்கும் ஆயாவுக்குக்கூட வங்காளத்தில் விலை சொல்லத் தெரியும். பகல் முழுக்க "ஆயியே பாய்சாப்" என்று கூப்பிட்டுக் கல்லா கட்டுகிற ஊர், ராத்திரி அதே மொழி காதில் விழுந்தால் டார்ச்சை முகத்தில் அடிக்கிறது.

தோல் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். பச்சைத்தோல் நாற்றத்தில், சுண்ணாம்புத் தொட்டியில், டிரம் பக்கத்தில் நிற்க உள்ளூர்ப் பையன்கள் வர மறுக்கிறார்கள். பீகார், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் தங்குவது கம்பெனிக்கு உள்ளேயோ, ஊர்க் கடைசி ஷெட்டிலோ. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டி உடைந்து, சகதி பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். உறக்கத்திலேயே போனார்கள். அவர்களைப் போன்றவர்கள்தான் ஷிப்டு முடிந்து இரண்டாவது தெரு வழியாக நடந்தால், ரோந்துக்காரர்கள் கண்ணில் முதலில் படுகிறார்கள்.

சரி, உள்ளூர்த் திருடன் இல்லவே இல்லையா? 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் பெரிய நகைக்கடைச் சுவரில் துளை போட்டு 15 கிலோ தங்கம் போயிற்று. ஊரே அலறியது. "இது வடநாட்டு கேங்தான்" என்று அன்றைக்குச் சத்தியம் செய்யாத டீக்கடை இல்லை. ஒரு வாரத்துக்குள் போலீசார் பிடித்தார்கள். பிடிபட்டவர் இதே மாவட்டத்து வாலிபர். நகை ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் தோண்டி எடுக்கப்பட்டது. கேமராப் படங்களைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்த கேஸ் அது. அன்றைக்கு யாராவது ஒரு இந்திக்காரரைக் கம்பத்தில் கட்டி உதைத்திருந்தால், நகை இன்னும் சுடுகாட்டிலேயே கிடந்திருக்கும்.

வெளிநாட்டிலும் இதே கூத்து

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1979-ல் கர்டிஸ் ஸ்லிவா என்பவர் "கார்டியன் ஏஞ்சல்ஸ்" என்று ஒரு தொண்டர் படை ஆரம்பித்தார். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பாதாள ரயிலில் ரோந்து போனார்கள். ஆயுதம் கிடையாது. பயந்துகொண்டிருந்த பயணிகளுக்குத் தெம்பு வந்தது. பத்திரிகைகளில் தினமும் படம். பதின்மூன்று வருஷம் கழித்து, 1992-ல், ஆரம்பத்தில் செய்ததாகச் சொன்ன சாகசங்களில் சில ஜோடித்தவை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஜனங்களுக்கு வந்த தெம்பு நிஜம். அவர்கள் படித்த வீரக்கதை பாதி பொய்.

அதே நாட்டில் புளோரிடா மாநிலத்து சான்போர்டு ஊரில் 2012 பிப்ரவரியில், குடியிருப்புக் காவல் தொண்டர் ஒருவர் 17 வயதுக் கறுப்பினப் பையனைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தார். போலீசுக்குப் போன் செய்தார். பின்தொடர வேண்டாம் என்று போனிலேயே சொன்னார்கள். கடைசியில் துப்பாக்கி வெடித்துப் பையன் செத்தான். அவன் கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பியவன். அத்திமூரில் சாக்லெட், அங்கே மிட்டாய். அந்தத் தொண்டரைக் கோர்ட்டு விடுதலை செய்தது. நாடே இரண்டுபட்டது.

போலீசின் நண்பர்கள்

தமிழ்நாட்டில் அரசாங்கமே இதற்கு ஒரு வழி செய்து பார்த்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் சூப்பிரண்டாக இருந்த பிரதீப் பிலிப், "போலீஸ் நண்பர்கள்" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்த அதே அதிகாரிதான். ஸ்டேஷனுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பாலம் என்பது அவர் நினைப்பு. திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடிப்பதற்கும், போக்குவரத்துக்கும், ராத்திரி ரோந்துக்கும் பையன்கள் போனார்கள்.

பிறகு 2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கில் கடை திறந்துவைத்ததாகப் பிடித்துக்கொண்டு போன தகப்பனும் மகனும் அடிபட்டு இறந்தார்கள். அந்த ராத்திரி ஸ்டேஷனில் போலீஸ் நண்பர்கள் குழுவினரும் இருந்தார்கள் என்று புகார் கிளம்பியது. அடுத்த மாதமே அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. பாலமாக இருக்கட்டும் என்று கட்டியது, லாக்கப் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. தொண்டனுக்குக் காக்கியின் அதிகாரம் வேண்டும், காக்கியின் பொறுப்பு வேண்டாம் என்றால் இப்படித்தான் முடியும்.

இதற்கு மாறாக, ஊர்க்காவல் படை 1963 முதல் சட்டப்படி இருக்கிறது. பயிற்சி உண்டு, அடையாள அட்டை உண்டு, மேலதிகாரி உண்டு. தப்பு செய்தால் கேட்க ஆள் உண்டு. தெரு ரோந்தில் இது எதுவும் இல்லை. தென் மாவட்டங்களில் பழைய நாளில் இருந்த காவல் முறையில்கூட, திருட்டுப் போனால் காவல்காரன் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. காவல் கூலி தராத வீட்டில் மாடு காணாமல் போகிற அதிசயமும் நடந்தது என்பது வேறு கதை.

ஸ்டேஷன் வாசலில்

எல்லாப் பழியையும் தெருப் பையன்கள் தலையில் போடுவது நியாயம் இல்லை. அவர்கள் ஏன் தடி எடுக்கிறார்கள்? ஸ்டேஷனுக்குப் போனால் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால்தான்.

சைக்கிளோ செல்போனோ போனதற்குப் புகார் கொடுக்கப் போன குமாஸ்தாவைக் கேட்டால் தெரியும். "பில் இருக்கா?" "நீங்க ஏன் சார் ஜாக்கிரதையா இல்ல?" "இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கார், நாளைக்கு வாங்க." மூன்றாம் நாள் அவர் போகமாட்டார். புகார் ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆர். வாங்குவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடுகிறது. எப்.ஐ.ஆர். அதற்கு அப்புறம்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 2015 ஜூனில், காணாமல் போன பெண் சம்பந்தமாகப் பள்ளிகொண்டா போலீசார் விசாரித்த 26 வயது ஆம்பூர் வாலிபர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். போலீஸ் அடியால்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்டு ஆனார். கேஸ் சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. ஆனால் அதற்குள் ஜூன் 27 ராத்திரி ஆம்பூர் எரிந்தது. பஸ்கள் நொறுங்கின, வாகனங்கள் கொளுத்தப்பட்டன, பெண் போலீஸ் உள்பட ஏராளமான போலீசார் அடிபட்டார்கள். சம்பந்தமே இல்லாத கடைக்காரர் பல நாள் ஷட்டரைத் திறக்க முடியவில்லை. போலீஸ் மேல் நம்பிக்கை போனால் திருடனுக்கு மட்டும் கொண்டாட்டம் இல்லை, வதந்திக்காரனுக்கும் கொண்டாட்டம்தான்.

ஆகவே ரோந்து இருக்கட்டும். அதைத் தடை செய்து பிரயோஜனம் இல்லை. ஒரு தெருவில் நிறுத்தினால் இன்னொரு தெருவில் முளைக்கும். ஆனால் ரோந்து போகிறவர் பெயரும் விலாசமும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். யாருக்கு எந்த நாள் முறை என்று எழுதி வைக்க வேண்டும். பீட் போலீஸ்காரர் ராத்திரிக்கு ஒரு தடவையாவது அவர்களோடு நின்று டீ குடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 112 அல்லது 100. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098. அந்நியர் மேல் கை வைக்கக் கூடாது. "எங்க போகணும் அண்ணே?" என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கேட்கிற பையனுக்கு நாலு வார்த்தை இந்தி வராவிட்டால், காந்தி ரோட்டுக் காய்கறி ஆயாவிடம் கற்றுக்கொள்ளட்டும்.

போலீசும் ஒரு வேலை செய்யலாம். இந்த மாதம் இந்த வட்டாரத்தில் இத்தனை திருட்டு, இத்தனை பிடிபட்டது, இன்ன செய்தி வதந்தி என்று ஸ்டேஷன் வாசல் பலகையில் எழுதிப் போடட்டும். பஸ் நிலையத்திலும் ஒன்று வைக்கட்டும். 2018-ல் சாவு விழுந்த பிறகு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அதைச் சாவு விழுவதற்கு முன்னால் செய்தால் யாருக்கு நஷ்டம்? 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனிக் கலெக்டர், தனி சூப்பிரண்டு வந்தாயிற்று. ஆம்பூர்க்காரர் சூப்பிரண்டைப் பார்க்க இனி வேலூர்வரை போக வேண்டாம். அதிகாரி கிட்டே வந்த மாதிரி பதிலும் கிட்டே வர வேண்டும்.

நகராட்சிக்கும் ஒரு வார்த்தை. ரோந்துப் பையன்கள் அதிக நேரம் நிற்பது விளக்கு எரியாத கம்பத்தின் கீழேதான். பயம் அங்கேதான் இருக்கிறது. அந்த பல்பைப் போடச் சொல்லி மனு எழுதினால், கையெழுத்துப் போடப் பன்னிரண்டு பேர் அங்கேயே ராத்திரி இரண்டு மணிக்கும் முழித்துக்கொண்டு இருக்கிறார்கள்.